பூ சொன்ன தடம், அம்மா போன தடம்

1. அந்த வருஷம் மலைக்கோயிலுக்கு ஆடி நடை போக விடிவதற்கு முன்பே அடிவாரத்திலிருந்து கிளம்பினோம்.
2. கருப்பனார் கல்லடியில் தடம் இரண்டாகப் பிரியும். எதில் போவது என்று பூ வைத்துக் கேட்டோம். பொட்டலத்தை எடுத்தது நான்.
3. சிவப்புப் பூ வந்தது. சிவப்பு என்றால் ஓடைத்தடம்.
4. அம்மா ஓடைத்தடத்தில் வரமாட்டேன் என்றாள்.
5. அம்மா, அத்தை, நான் மூவரும் மேட்டுத்தடத்தில் போனோம். மற்ற எல்லோரும் ஓடைத்தடத்தில்.
6. அத்தை அப்போது கர்ப்பமாக இருந்தாள். அது அவளுக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.
7. ஓடைத்தடத்தில் போனவர்கள் உச்சிவேளைக்கு முன்பே கோயிலை அடைந்துவிட்டார்கள். நாங்கள் அன்று போய்ச் சேரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். இதில் ஆறாவதின் இரண்டாவது வரி தவிர மற்ற எல்லாவற்றையும் நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். நம் குடும்பத்தில் எந்த விசேஷத்திலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது யாராவது ஒருவர் சொல்லும் கதை அது. போன மாதம் நம் வாட்ஸப் குழுவில் ‘இந்த ஆடிக்கு நம்ம செட்டு மட்டும் நடக்கலாமா’ என்று பேச்சு வந்தபோது, உங்களில் ஒருவர் ‘எந்தத் தடமா இருந்தாலும் சரி, மேட்டுத்தடத்துக்காரி தடம் மட்டும் வேண்டாம்’ என்று எழுதிச் சிரிக்கிற பொம்மையும் போட்டிருந்தார். மேட்டுத்தடத்துக்காரி என்பது என் அம்மா. நான் இதைக் கோபத்தில் எழுதவில்லை. அந்தப் பெயர் எதிலிருந்து வந்தது என்று தெரியாமல்தான் நீங்களும் சிரித்தீர்கள் என்று தெரியும். அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுது கண்ணு. நானே சொல்லியிருக்கோணும்” என்றாள்.

முதலில் தடங்களைச் சொல்லிவிடுகிறேன். சாலை போடுவதற்கு முன் நிலத்தை அளந்து வரைபடம் போடுவது என் வேலை. அதனால் இரண்டு தடங்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரைந்து பார்த்தேன். ஓடைத்தடம் தூரம் குறைவு. ஓடையை ஒட்டியே ஏறுகிறது. நிழல் உண்டு, தண்ணீர் உண்டு. மேட்டுத்தடம் மலையின் முதுகு வழியாகச் சுற்றிப் போகிறது. ஏற்றம் கம்மி, தூரம் அதிகம், குடிக்கத் தண்ணீர் இல்லை, காற்றும் பனிமூட்டமும் நேராக முகத்தில் அடிக்கும். வரைபடத்தை மட்டும் பார்த்தால் யாரும் ஓடைத்தடத்தைத்தான் சொல்வார்கள்.

ஆனால் ஓடைத்தடத்தில் ஏணிப்பாறை என்று ஒன்று உண்டு; வரைபடத்தில் அது ஒரு கோடுதான். நேரில் அது வழுக்குப் பாறை. கால் வைக்க வெட்டிய குழிகள் தேய்ந்துபோயிருக்கும். ஆண்கள் முதலில் தொற்றி ஏறி மேலே நின்று கயிற்றைக் கீழே விடுவார்கள். பெண்கள் சேலைக்கு மேல் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும். மேலே இருந்து இழுப்பார்கள். பாறையில் உரசி, தொங்கி, சிரித்து, கத்தி ஏறுவார்கள். கீழே நின்று முடிச்சுப் போடுவது எப்போதும் பெரியப்பாதான். நனைந்த கயிறு இறுகினால் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று ஓடைத் தண்ணீரில் முக்கி எடுப்பார். “நான் போட்ட முடிச்சு அவுந்ததில்ல” என்று ஒவ்வொரு இடுப்புக்கும் ஒரு தடவை சொல்லுவார். ஊருக்குத் திரும்பிய பிறகும் பெண்களின் வயிற்றைச் சுற்றிச் சிவந்த தடிப்பு இருக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வார்கள்.

எந்தத் தடம் என்பதை நம் வீட்டில் மனிதர்கள் முடிவு செய்வதில்லை. முன்பு எப்போதோ பங்காளிகளுக்குள் இதில் சண்டை வந்து பாதி வழியில் பேச்சு முறிந்து போனதாம். அன்றிலிருந்து கருப்பனார் கல்லில் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலையில் மடித்துக் கட்டி, குலுக்கி, கல்லின் முன் போடுவார்கள். குழந்தை ஒன்று எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் மேட்டுத்தடம். சிவப்பு வந்தால் ஓடைத்தடம். பூ சொன்ன பிறகு கூட்டம் பிரியக் கூடாது. ஒரே தடம்தான்.

அடுத்தது அத்தையின் வேண்டுதல். அத்தைக்கு அதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. இரண்டு முறையும் தெரிந்தவுடனே ஊருக்கெல்லாம் சொல்லி இனிப்புக் கொடுத்தார்கள். இரண்டு முறையும் இனிப்பு வாங்கியவர்களே பிறகு வந்து துக்கம் விசாரித்தார்கள். அதன்பின் அத்தை மூன்று வருஷ நடை வேண்டிக்கொண்டாள். மூன்று ஆடியும் கால்நடையாக மலையேறி ஈஸ்வரனுக்குத் தேங்காய் உடைக்க வேண்டும். வண்டி ஏறக் கூடாது. இரண்டு வருஷம் நடந்துவிட்டாள். மூன்றாவது ஆடி நெருங்கும்போது நாள் தள்ளிப்போயிருந்தது. அத்தையின் கணவர், மாமா, லாரியில் வடக்கே போயிருந்தார். இந்த முறை மாமாவுக்குக்கூடச் சொல்வதில்லை என்று அத்தை வைராக்கியமாக இருந்தாள்.

நடைக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் கட்டுச்சோறு கிளறிக்கொண்டிருந்தார்கள். தாளிப்பு வாசம் அடித்ததும் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். அம்மா கரண்டியை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள். அங்கே பேசியதை அம்மா சமீபத்தில்தான் எனக்குச் சொன்னாள்.

“இந்த வருஷம் நடக்க வேண்டாம் அம்மிணி.”

“மூணாவது நடைங்க நங்கை. இதுல நின்னுட்டா இதுவும் நிக்காது.”

அண்ணன் மனைவியை நங்கை என்பதுதான் நம் பக்கத்து வழக்கம்; அம்மா அத்தையை அம்மிணி என்பாள். அத்தை அம்மாவின் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். யாருக்கும் சொல்லக் கூடாது. அம்மா அந்த வருஷம் வருவதாகவே இல்லை. மாட்டுக்குத் தீவனம் போட ஆளில்லை என்று சொல்லியிருந்தாள். அன்று சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் மாட்டை ஒப்படைத்துவிட்டு வந்து, நானும் வருகிறேன் என்றாள். அப்பா ஏன் என்று கேட்கவில்லை.

கருப்பனார் கல்லில் நாங்கள் நின்றபோது கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. சூடத்தின் புகை, நசுங்கிய அரளி வாசம், ஈர மண். என்னை முன்னால் தள்ளினார்கள். அம்மா என் பின்னால் நின்று இரண்டு தோள்களையும் பிடித்திருந்தாள். அவள் விரல்கள் எலும்பில் பதிகிற மாதிரி இறுகியது நினைவிருக்கிறது. எனக்குப் பெருமையாக இருந்தது. பள்ளியில் பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி குனிந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பெரியப்பா நாரை அவிழ்த்தார்.

“செவப்பு. ஓடைத்தடம். நடங்க.”

எல்லோரும் மூட்டையைத் தூக்கினார்கள். அம்மா நகரவில்லை.

“நாங்க மேட்டுல வாரோமுங்க மாமா.”

அம்மா மாமா என்று கூப்பிடுவது பெரியப்பாவை. அவருக்கு முதலில் புரியவில்லை. “என்னம்மா?”

“நானும் அம்மிணியும் புள்ளையும் மேட்டுல வாரோமுங்க. நீங்க முன்ன போங்க.”

“பூக் கேட்டாச்சு.”

“கேட்டாச்சுங்க.”

“அப்பறம்? சாமிகிட்ட வெளையாடறதுக்கா கேட்டோம்?”

அப்பா முன்னால் வந்தார். “உனக்கு என்ன கேடு வந்துச்சு? அண்ணன் சொல்றது காதுல உழுகலியா?”

பெரியம்மாதான் சிரித்தாள். “அவளுக்குக் கயித்தக் கண்டா பயம். போன தடவ தொங்கவிட்டப்பக் கத்துனது பேளுக்குறிச்சி சந்தைக்கே கேட்டுச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா அந்தச் சிரிப்பை அப்படியே வாங்கிக்கொண்டாள். “ஆமாங்க்கா. பயந்தான்” என்றாள்.

“பயமிருந்தா ஊட்டுல இருக்கோணும்” என்றார் பெரியப்பா. பிறகு அத்தையைப் பார்த்தார். “நீ வா புள்ள. உன்ற நடைதான இது. அவ எப்படியோ வரட்டும்.”

அத்தை இரண்டு தடங்களுக்கும் நடுவில் நின்றாள். அவளுக்கு அண்ணன் மீது பயம், பூவின் மீது அதைவிடப் பயம். பெரியப்பாவின் தோளில் சுருட்டிப் போட்டிருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் நங்கைகூடவே வாரேனுங்ணா.”

பெரியப்பா குரலை உயர்த்தவில்லை. “மூணாவது வருஷம். பூவ மீறிப் போற. அப்பறம் எதுவும் ஆச்சுன்னா எங்களக் கேக்காத” என்றார்.

மீறிப் போற என்ற அந்த வார்த்தையை அத்தை மேடு முழுக்கச் சுமந்துகொண்டு வந்தாள். எனக்கு இப்போது புரிகிறது. அப்போது எனக்கு, மற்ற பிள்ளைகளோடு கயிற்றில் தொங்க முடியாமல் போன ஆத்திரம் மட்டும்தான் இருந்தது.

அம்மா மெதுவாக நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் உட்காரச் சொன்னாள். அட்டை ஏறாமல் இருக்க உப்பு முடிந்த துணியை எங்கள் கால்களில் ஒற்றினாள். மலைக்காட்டுப் புல்லில் எலுமிச்சை வாசம் அடித்தது. கீழே ஓடைப்பக்கமிருந்து பெரியப்பா கூட்டத்தின் அரோகரா சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. மூட்டம் இறங்கிய பிறகு அதுவும் நின்றுவிட்டது. முன்னால் போகிற அத்தையின் மஞ்சள் சேலை ஒரு கை தூரத்திலேயே வெளுத்துத் தெரிந்தது.

பாதி மேடு தாண்டியிருப்போம். அத்தை நின்றாள். இடது கையை இடுப்பின் பின்னால் வைத்துக்கொண்டாள். கையிலிருந்த தூக்குப்போசி நழுவி விழுந்து சரிவில் உருண்டது. பித்தளை கல்லில் மோதும் சத்தம் கீழே போய்க்கொண்டே இருந்தது. எங்கள் கட்டுச்சோறு முழுக்க அதில்தான் இருந்தது. அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வலிக்குதா?”

“இடுப்பு மட்டும்.”

“வேற எதாச்சும்? தீட்டு மாதிரி?”

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். “ஒரு பொட்டு.”

அங்கேதான் எனக்குத் தெரிந்தது. யாரும் விளக்கவில்லை. மாடு சினையாக இருக்கும்போது அம்மா கேட்கிற குரல் அது.

அத்தையைக் கைத்தாங்கலாகக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனோம். அங்கே மேட்டுத்தடம் மறுபடி பிரிகிறது. வலதுகைத் தடம் நேராகக் கோயிலுக்கு. இன்னும் பாதி தூரம் கிடந்தது. இடதுகைத் தடம் இறங்கி எடப்புளி நாடு என்கிற மலையூர்க் கூட்டத்தில் ஓர் ஊருக்குப் போகிறது. அங்கே வீடுகள் உண்டு, பஸ் வரும். பஸ்ஸில் ஏறினால் நடை முறிந்தது. நடந்தால் என்ன ஆகும் என்று மூவருக்கும் தெரியும்.

அத்தை உட்கார்ந்தபடியே கைக்கெட்டிய உண்ணிச்செடிகளில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பறித்தாள். சேலை முந்தானைக்குள் மறைத்துத் தேக்கிலையில் மடித்தாள். ஒரு பொட்டலம் சரியாக மடியவில்லை.

“கண்ணு, ஒண்ணு எடு சாமி” என்று என்னிடம் நீட்டினாள். “வெள்ளைன்னா கோயில். செவப்புன்னா எறங்கறது.”

நான் கையை நீட்டவில்லை. பின்னால் கட்டிக்கொண்டேன். காலையில் நான் எடுத்ததால்தான் இதெல்லாம் என்று எனக்குப் பட்டது.

அம்மா இரண்டு பொட்டலங்களையும் வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். “இவ எடுக்க மாட்டா. பூவக் கேட்டது போதும். உன்ற வயித்தக் கேளு.”

“அண்ணன் சொன்னாரே, மீறிப் போனா...”

“மீறுனது நானு. உனக்கென்ன? வர்றது எனக்கு வரட்டும்.”

“நடை முறிஞ்சுருமே நங்கை.”

“எங்க முறியுது? ஆடி இன்னும் கெடக்குது. கால்ல நடக்கோணும்னுதான வேண்டுன? ஒரே நாள்ல நடக்கோணும்னா வேண்டுன?”

அத்தை யோசித்தாள். மூட்டத்தில் எங்கள் தலைமுடியெல்லாம் நரைத்த மாதிரி பொடித்துளி படிந்திருந்தது. கடைசியில் அத்தை இடதுகைப் பக்கம் காலை வைத்தாள்.

ஊர் எல்லையில் தலையில் பலாப்பழத்தோடு ஒரு மலைக்காரம்மா எதிரே வந்தாள். “கீழ்நாட்டுக்காரங்களா? தடம் மாறிப்போச்சா?” என்றாள்.

“மாறலீங்க. மாத்திக்கிட்டோம்” என்றாள் அம்மா.

அந்தம்மா அத்தையை மேலும் கீழும் பார்த்தாள். பழத்தை அப்படியே வேலியோரம் இறக்கி வைத்துவிட்டு, “எங்கூடு பக்கந்தான், வாங்க” என்றாள். அந்த வீட்டில் மிளகு காய்கிற காரமும் பலாச்சுளையின் இனிப்பும் ஒன்றாக அடித்தது. அத்தையைப் பாயில் படுக்கவைத்து, காலுக்கடியில் ராகி மூட்டையை வைத்து உயர்த்தினார்கள். ஊருக்கு வந்து போகும் நர்சம்மா சாயங்காலம் வந்து பார்த்தார். ஒரு வாரம் எழுந்திருக்கக் கூடாது, பிறகு பார்க்கலாம் என்றார். நிற்குமா என்று அத்தை கேட்டதற்கு, “படுத்திருங்க” என்று மட்டும் சொன்னார்.

மலைமேல் அப்போது போன் எடுக்காது. மறுநாள் காலை அப்பா பஸ்ஸில் ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண். எங்களைப் பார்த்ததும் பயம் போய்க் கோபம் வந்தது.

“என்ன ஆச்சு?”

“அம்மிணிக்குக் காலு சுளுக்கிருச்சுங்க” என்றாள் அம்மா.

அப்பா வீட்டுக்கார அம்மாவைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “சுளுக்குத்தானுங்க. எண்ண போட்டு நீவி உட்டுருக்கறேன்” என்றாள்.

“ஒரு சுளுக்குக்கு ராத்திரி முச்சூடும் எங்களச் சாகடிச்சியா? பூவ மீறி நடந்தா சுளுக்காம என்ன பண்ணும்? அண்ணன் முன்னால நான் இனி எப்படித் தல நிமிர்றது?”

அப்பா அத்தையிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு, கூட்டத்தோடு போயிருந்த அவளுடைய தேங்காய்ப்பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அம்மா அந்தப் பஸ் வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தைக்கு அதற்குப்பின் ரத்தம் படவில்லை. வலியும் விட்டது. நர்சம்மா மறுபடி வந்து, மெதுவாக நடக்கலாம் என்ற பிறகு கிளம்பினோம். தார் ரோட்டின் ஓரமாக, சமமான வழியில், காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். தங்கிய வீடுகளில் எல்லாம் குச்சிக்கிழங்கு வேகவைத்துக் கொடுத்தார்கள். கோயிலுக்குப் போனபோது விழாக்கடைகளின் மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சன்னதியில் எங்களைத் தவிர ஆளில்லை. அத்தை தேங்காய் உடைத்தாள். சரிபாதியாக உடைந்தது. அவள் அழுததை விட அம்மா படியில் உட்கார்ந்து கால் நீட்டியதுதான் எனக்கு நினைவிருக்கிறது. பெருவிரல் நகம் கறுத்திருந்தது.

தை மாதம் அத்தைக்குப் பெண் பிறந்தது. அப்போதுதான் மாதத்தை எண்ணிப் பார்த்தார்கள். ஆடியில் வயிற்றில் பிள்ளை இருந்திருக்கிறது என்று தெரிந்ததும் கதை மாறியது. பேர் வைக்கிற அன்று பந்தலில் பெரியப்பா சொன்னார்: “வாயில்லாத பூ சொன்னதக் கேட்டிருந்தா உச்சிக்கு முன்ன கோயில். இவ கயித்துக்குப் பயந்து, மாசமா இருந்த புள்ளைய மலை முழுக்க இழுத்துட்டுத் திரிஞ்சிருக்கறா. சாமி மன்னிச்சுக் குடுத்துச்சு.”

அத்தையின் மாமியார் அதே பந்தலில் இருந்தார். தெரிந்துதான் ஏறினேன் என்று அத்தை வாயைத் திறந்திருந்தால் ஏன் மறைத்தாய் என்ற அடுத்த கேள்வி அவளுக்கு வந்திருக்கும். அவள் எழுந்தாள். அடுப்படியிலிருந்து அம்மா அவளைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள். அத்தை உட்கார்ந்துவிட்டாள். அம்மா பாயசத்தைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். அன்று முதல் அம்மாவுக்கு அந்தப் பெயர். அதன்பின் சாமிக்கு வைக்கும் பூத்தட்டை யாரும் அவள் கையில் கொடுத்ததில்லை.

இவ்வளவு வருஷத்தில் ஒருவர்கூட இடுப்பைச் சுற்றிய அந்தக் கயிற்றை நினைக்கவில்லை. பெண்கள் எல்லோருக்கும் வயிற்றில் அந்தத் தடிப்பு இருந்தது. அவர்களும் நினைக்கவில்லை. மேடுதான் சரி என்று சொல்ல வரவில்லை. பிரசவம் பார்க்கிற டாக்டரான என் தோழியிடம் கேட்டேன். எது செய்தாலும் தங்கியிருக்கலாம், எது செய்தாலும் போயிருக்கலாம் என்றாள். வலி வந்தது மேட்டில்தான். அது நீண்ட நடையாலா, பெரியப்பாவின் வார்த்தையாலா, சும்மாவா, யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு அன்று தெரிந்தது ஒன்றே ஒன்று. அந்த வயிற்றில் கயிறு இறுகக் கூடாது.

போன வாரம் அத்தை தன் மகளுக்கு இதைச் சொன்னாள். பிறகு பெரியப்பா வீட்டுக்குத் தனியாகப் போய் அவருக்கும் சொன்னாள். பெரியப்பா, “நான் நல்லா இறுக்கித்தான் கட்டியிருப்பேன்” என்றாராம்.

இப்போதைக்கு இப்படி இருக்கிறது. பெரியப்பா இன்னும் அம்மாவிடம் பேசவில்லை. ஒரு தடவை எங்கள் வாசல்வரை வந்து, ஆடு விலை கேட்டுவிட்டுப் போனார். அப்பாவுக்கு விஷயம் தெரிந்து நான்கு நாள் ஆகிறது. சாப்பாட்டுத் தட்டைத் தானே கழுவி வைக்கிறார். அம்மாவை நடைக்குக் கூப்பிட்டேன், வரவில்லை என்றாள். ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. பூக் கேட்பதா வேண்டாமா என்று குழுவில் முடிவாகவில்லை. மேட்டுத்தடத்துக்கு இதுவரை பெயர் கொடுத்திருப்பது நானும் அத்தை மகளும் மட்டும்.